தோற்றுப்போன மனு, ஜெயித்த வாதம்: யார் இந்த ஏ.கே.கோபாலன்? இன்றைய உங்கள் உரிமைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

டெல்லியில் மார்க்சிஸ்ட் கட்சியின் தலைமை அலுவலகத்துக்குப் பெயர் ஏ.கே.ஜி பவன். செய்திகளில் அடிக்கடி காதில் விழும் பெயர்தான். ஆனால் அந்த ஏ.கே.ஜி யார் என்று கேட்டால், கம்யூனிஸ்ட் தலைவர் என்பதைத் தாண்டிப் பலருக்கும் தெரியாது.

சட்டக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்லிவிடுவார்கள். இந்தியாவில் அடிப்படை உரிமைகள் பற்றிப் பாடம் எடுத்தால் முதலில் வரும் வழக்கே அவர் பெயரில்தான் இருக்கிறது: ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாகாணம், 1950.

அந்த வழக்கில் அவர் தோற்றுப்போனார். தோற்ற வழக்கை ஏன் 75 வருஷம் கழித்தும் பேசுகிறோம்? அதற்கு அவருடைய கதையை முதலில் இருந்து பார்க்க வேண்டும்.

பள்ளி ஆசிரியர் டூ போராட்டக்காரர்

ஆயில்யத் குட்டியாரி கோபாலன், சுருக்கமாக ஏ.கே.ஜி. பிறந்தது 1904 அக்டோபர் 1. ஊர், கண்ணூர் அருகே பெரளசேரி பகுதி. இன்றைக்கு அது கேரளா. அன்றைக்கு மலபார் மாவட்டம் என்ற பெயரில் சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. வழக்கின் பெயரில் 'சென்னை மாகாணம்' வந்தது இதனால்தான்.

படித்து முடித்து பள்ளி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். 1920-களின் கடைசியில் காங்கிரஸுக்கு வந்தார். 1930-ல் உப்பு சத்தியாகிரகம் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டு இறங்கினார். முதல் சிறை அனுபவம் அப்போதுதான்.

1931-ல் குருவாயூர் கோயிலில் எல்லா சாதியினரையும் அனுமதிக்கக் கேட்டு கே.கேளப்பன் தலைமையில் சத்தியாகிரகம் நடந்தது. அதன் தொண்டர் படைக்கு கேப்டன் ஏ.கே.ஜி. அடி, உதை எல்லாம் வாங்கினார். 1936-ல் மலபாரின் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் பசியையும் அரசுக்குக் காட்ட, கண்ணூரில் இருந்து சென்னைக்கு ஒரு பட்டினி நடைப்பயணத்தை அழைத்து வந்தார்.

காங்கிரஸ் சோஷலிஸ்ட், அப்புறம் கம்யூனிஸ்ட். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் மறுபடியும் கைது. இந்த முறை சிறையில் இருந்து தப்பித்து, போர் முடியும் வரை தலைமறைவாகவே வேலை செய்தார். போர் முடிந்த பிறகு மீண்டும் பிடிபட்டார்.

நாட்டுக்கு சுதந்திரம், அவருக்குச் சிறை

1947 ஆகஸ்ட் 15. நாடே கொண்டாடிக்கொண்டிருந்தது. அதற்காக ஜெயிலுக்குப் போன ஏ.கே.ஜி, அன்றைக்கும் கண்ணூர் சிறைக்குள்தான் இருந்தார்.

தன்னிடம் வைத்திருந்த தேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு சிறை வளாகத்துக்குள்ளேயே நடந்ததாகவும், கைதிகள் கூடி நிற்க கொடி ஏற்றியதாகவும் தன் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். சில வாரங்களில் விடுதலை கிடைத்தது. ஆனால் அது நீடிக்கவில்லை. 1947 டிசம்பரில் மறுபடியும் கைது. இந்த முறை கைது செய்தது சுதந்திர இந்தியாவின் அரசு.

அந்தக் காலத்தின் சூழலையும் சொல்லியாக வேண்டும். தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1948-ல் கம்யூனிஸ்ட் கட்சி புதிய அரசுக்கு எதிரான கிளர்ச்சிப் பாதையை எடுத்தது. பிரிவினைக் கலவரங்களின் ரத்தம் காயாத நேரம். அரசுக்குப் பயம் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது.

அதேநேரம் அரசின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்ற கேள்வியும் இருந்தது. அரசியலமைப்பு அமலுக்கு வந்து 16 நாட்கள்தான் ஆகியிருந்தன. 1950 பிப்ரவரி 11-ம் தேதி, சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் உயிரிழந்தனர்.

விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கும் சட்டம்

சாதாரணக் கைது என்றால் என்ன? நீங்கள் ஒரு குற்றம் செய்ததாகப் புகார். போலீஸ் பிடிக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் விசாரணை, சாட்சி, தீர்ப்பு.

தடுப்புக் காவல் அப்படி இல்லை. நீங்கள் எதுவும் செய்திருக்க வேண்டியதே இல்லை. இனிமேல் செய்துவிடுவீர்கள் என்று ஒரு அதிகாரி நினைத்தால் போதும். உள்ளே வைக்கலாம். விசாரணை கிடையாது.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்திய தலைவர்கள் வெறுத்த ஆயுதம் இது. ஆனால் அரசியலமைப்பை எழுதும்போது அதே தலைவர்கள் இதை முழுசாக ஒதுக்கவில்லை. 22-வது பிரிவிலேயே இதற்கு இடம் கொடுத்தார்கள். கூடவே சில பாதுகாப்புகளையும் வைத்தார்கள். காவலுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், முறையிட வாய்ப்பு தர வேண்டும், 3 மாதத்துக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் அறிவுரைக் கழகம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் கடைசி நிபந்தனைக்கு மட்டும் நாடாளுமன்றம் சட்டம் போட்டு விலக்கு கொடுக்கலாம் என்றும் ஒரு கதவைத் திறந்தே வைத்தார்கள்.

அந்தக் கதவு உடனே பயன்பட்டது. 1950 பிப்ரவரி கடைசியில், உள்துறை அமைச்சர் சர்தார் படேல் கொண்டு வந்த தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. ஒரு வருஷத்துக்கான தற்காலிகச் சட்டம் என்றுதான் சொன்னார்கள். திரும்பத் திரும்ப நீட்டித்து, 1969 முடியும் வரை அது உயிரோடு இருந்தது.

1950 மார்ச் 1. ஏற்கெனவே சிறையில் இருந்த ஏ.கே.ஜி கைக்கு ஒரு உத்தரவு வந்தது. அதற்கு முன் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டன. அதாவது நிரூபிக்கப்பட்ட குற்றம் எதுவும் அவர் மேல் நிற்கவில்லை. ஆனாலும் வெளியே விடவில்லை. இனி புதிய சட்டத்தின் கீழ் காவல் தொடரும் என்பதுதான் அந்த உத்தரவு.

ஏ.கே.ஜி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

என்ன வாதம்? எளிமையாகப் பார்க்கலாம்

அப்போது உச்ச நீதிமன்றத்துக்கு வயசு சில வாரங்கள். சொந்தக் கட்டடம் கூட இல்லை, நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒரு பகுதியில்தான் நடந்தது. இருந்ததே 6 நீதிபதிகள். 6 பேரும் சேர்ந்து இந்த வழக்கைக் கேட்டார்கள். தலைமை நீதிபதி ஹரிலால் கனியா.

ஏ.கே.ஜி-க்காக வாதாடியவர் சென்னை வழக்கறிஞர் எம்.கே.நம்பியார். எதிர்த்தரப்பில் சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல் கே.ராஜா அய்யர். மத்திய அரசுக்காக அட்டர்னி ஜெனரல் எம்.சி.செதல்வாட்.

சண்டை முழுக்க 21-வது பிரிவைச் சுற்றித்தான். சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இதில் 'சட்டம்' என்றால் என்ன? இதுதான் கேள்வி.

நம்பியாரின் வாதம் இப்படி: நாடாளுமன்றம் எதை எழுதி நிறைவேற்றினாலும் அது இங்கே சொல்லும் சட்டம் ஆகிவிடாது. அதில் இயற்கை நீதி இருக்க வேண்டும். குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், பதில் சொல்ல விட வேண்டும், நடுநிலையான ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அதோடு, ஒருவரைப் பூட்டி வைத்தால் நாடு முழுக்க நடமாடும் உரிமையும் போகிறது. அதனால் 19-வது பிரிவின்படி அந்தக் கட்டுப்பாடு நியாயமானதா என்பதையும் கோர்ட் பார்க்க வேண்டும்.

அரசின் பதில்: நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதில் நடைமுறை இருக்கிறது. அதைப் பின்பற்றினோம். அவ்வளவுதான்.

அரசு தரப்புக்கு ஒரு வலுவான சான்றும் இருந்தது. வரைவில் முதலில் இருந்தது அமெரிக்க பாணியிலான 'உரிய சட்ட நடைமுறை' என்ற சொல். அரசியலமைப்பு ஆலோசகர் பி.என்.ராவ் 1947-ல் அமெரிக்கா போய் உச்ச நீதிமன்ற நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். நீதிபதிகள் கையில் இவ்வளவு அதிகாரம் போகக் கூடாது என்ற ஆலோசனையோடு திரும்பினார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ஜப்பான் அரசியலமைப்பில் இருந்த வாசகத்தைப் போல மாற்றினார்கள். வேண்டும் என்றே எடுத்த சொல்லை கோர்ட் எப்படி மறுபடி உள்ளே கொண்டு வரலாம்? நியாயமான கேள்விதான்.

4 பேர் ஒரு பக்கம், 2 பேர் மறுபக்கம்

1950 மே 19-ம் தேதி தீர்ப்பு வந்தது. 6 நீதிபதிகளும் தனித்தனியாக எழுதினார்கள். 4-க்கு 2 என்ற கணக்கில் மனு தள்ளுபடி.

பெரும்பான்மையினர் பார்வையில், ஒவ்வொரு உரிமையும் ஒரு தனி டப்பா மாதிரி. 19 வேறு, 21 வேறு, 22 வேறு. ஒன்றை இன்னொன்றோடு கலக்கக் கூடாது. நாடாளுமன்றம் முறையாகப் போட்ட சட்டம் என்றால் 21-வது பிரிவு திருப்தி ஆகிவிடும். அது நல்ல சட்டமா கெட்ட சட்டமா என்பது கோர்ட் வேலை இல்லை.

யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் 21-வது பிரிவு யாரிடமிருந்து நம்மைக் காப்பாற்றும்? சட்டமே இல்லாமல் பிடிக்கும் போலீஸிடமிருந்து காப்பாற்றும். மோசமான சட்டம் போடும் பெரும்பான்மையிடமிருந்து காப்பாற்றாது.

வரம்புக்குட்பட்ட அரசு என்று பாடப்புத்தகத்தில் வருமே, அதன் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. தேர்தலில் ஜெயித்த அரசாக இருந்தாலும் தாண்ட முடியாத கோடு ஒன்று இருக்கிறதா, அந்தக் கோட்டை யார் போடுவது என்பதுதான் விஷயம்.

ஒரு விஷயத்தில் மட்டும் 6 பேரும் ஒன்றுபட்டார்கள். அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு, காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்றது. காரணமே தெரியாமல் கோர்ட் எதை விசாரிக்கும்? அந்தப் பிரிவு செல்லாது என்று அத்தனை பேரும் சொன்னார்கள். சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றம், தன் கதவை அரசு மூடுவதை அன்றைக்கே ஏற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாறுபட்ட 2 பேர், சையது பசல் அலியும் மெஹர் சந்த் மகாஜனும். அறிவுரைக் கழகத்திடம் போகாமலேயே ஒரு வருஷம் வரை வைக்கலாம் என்ற 12-வது பிரிவு செல்லாது என்றார்கள் இருவரும். பசல் அலி இன்னும் மேலே போனார். உரிமைகள் தனித்தனி டப்பா இல்லை, ஒன்றோடொன்று பின்னியவை என்றார். 21-வது பிரிவில் இயற்கை நீதியும் அடங்கும் என்றார். அன்றைக்கு அது ஒற்றைக் குரல்.

சுவாரஸ்யம் என்னவென்றால், இதே பசல் அலிதான் பின்னாளில் மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைவர். அந்த ஆணையத்தைத் தொடர்ந்துதான் 1956 நவம்பர் 1-ம் தேதி ஏ.கே.ஜி-யின் மலபார் கேரளாவுக்குப் போனது, கன்னியாகுமரி நம்மிடம் வந்தது.

சிறையில் இருந்து நாடாளுமன்றத்துக்கு

ஏ.கே.ஜி 1951-ல் விடுதலையானார். அடுத்து நடந்த முதல் பொதுத்தேர்தலில் கண்ணூரில் நின்று ஜெயித்தார். முதல் மக்களவையில் காங்கிரஸுக்கு 364 இடங்கள். கம்யூனிஸ்ட் கட்சிக்கு 16. அதுவே எதிர்க்கட்சிகளில் பெரியது. அந்தக் குழுவுக்குத் தலைவர் ஏ.கே.ஜி. அதிகாரப்பூர்வ எதிர்க்கட்சித் தலைவர் பதவி கிடையாது, ஆனால் நேருவுக்கு எதிரே எழுந்து நின்ற முக்கியக் குரல் அவருடையது.

எந்த நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் உள்ளே இருந்தாரோ, அதே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து அந்த மாதிரி சட்டங்களை எதிர்த்துப் பேசினார். தொடர்ந்து 5 முறை மக்களவைக்குத் தேர்வானார்.

சபைக்கு வெளியேயும் சும்மா இருக்கவில்லை. 1957-ல் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, வேலை போன தொழிலாளர்களைக் கூட்டுறவு சங்கம் அமைக்க வைத்தார். கேரளா போனால் தலைப்பாகை கட்டிய ஊழியர்கள் பரிமாறும் இந்தியன் காபி ஹவுஸ் பார்த்திருப்பீர்களே, அதன் பின்னால் இருப்பவர் இவர்தான். 1961-ல் குமுளி பக்கம் அமராவதியில், நிலத்தில் இருந்து வெளியேற்றப்பட்ட விவசாயிகளுக்காக உண்ணாவிரதம் இருந்தார்.

1964-ல் கட்சி உடைந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் முதல் பொலிட்பீரோவில் இருந்த 9 பேரில் ஒருவர் ஏ.கே.ஜி. தமிழ்நாட்டின் பி.ராமமூர்த்தி இன்னொருவர். அதே 1960-களின் நடுவில், எம்.பி-யாக இருக்கும்போதே மறுபடி விசாரணையில்லாக் காவல். மறுபடி உச்ச நீதிமன்றம்.

எமர்ஜென்சியும் கடைசி நாட்களும்

1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் விசாரணை இல்லாமல் சிறைக்குப் போனார்கள். 1975 ஜூலையில் மக்களவை கூடியபோது, 70 வயதைத் தாண்டிய ஏ.கே.ஜி எழுந்து அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். எதிர்க்கட்சி எம்.பி-க்கள் பலர் சிறையில் இருந்த நேரம் அது.

1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றத்தில் இருந்தும் அடி விழுந்தது. ஏ.டி.எம் ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு போடவே உரிமை இல்லை என்று 4-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு. மறுத்தவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா மட்டும்.

எழுதப்பட்ட சட்டம் இருந்தால் போதும் என்று 1950-ல் தொடங்கிய பாதை, 26 வருஷத்தில் எங்கே கொண்டு போய் விட்டது பாருங்கள்.

1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். மார்ச் 21-ம் தேதி நெருக்கடி நிலை முழுமையாக விலக்கப்பட்டது. மறுநாள், மார்ச் 22, ஏ.கே.ஜி காலமானார்.

அவர் போன பிறகு ஜெயித்த வாதம்

1978 ஜனவரி 25. ஏ.கே.ஜி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்திரா காந்தியின் மருமகள் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை ஜனதா அரசு முடக்கியிருந்தது. காரணம் சொல்லவும் மறுத்தது. 7 நீதிபதிகள் கேட்டார்கள். நடைமுறை என்று ஒன்று எழுதியிருந்தால் போதாது, அது நியாயமாகவும் முறையாகவும் காரணத்தோடும் இருக்க வேண்டும் என்றார்கள். உரிமைகள் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்றார்கள்.

கிட்டத்தட்ட நம்பியாரின் வாதம். பசல் அலியின் பார்வை. இந்த மாற்றத்துக்கு 1970-ல் வங்கி தேசியமயமாக்கல் வழக்கிலேயே அடித்தளம் போட்டாகிவிட்டது. அதில் 11 நீதிபதிகளில் 10 பேர், தனித்தனி டப்பா கோட்பாட்டைத் தள்ளிவிட்டார்கள்.

2017 ஆகஸ்ட் 24-ல் அந்தரங்க உரிமை வழக்கில் 9 நீதிபதிகள் தீர்ப்பு சொன்னபோது, பசல் அலியின் பழைய மாறுபட்ட தீர்ப்பை மரியாதையோடு நினைவுகூர்ந்தார்கள். ஜபல்பூர் தீர்ப்பும் அன்றைக்குத் தூக்கி எறியப்பட்டது.

அந்த வழக்கில் மத்திய அரசுக்காக வாதாடிய அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால். அவர் வேறு யாருமில்லை, 1950-ல் ஏ.கே.ஜி-க்காக நின்ற எம்.கே.நம்பியாரின் மகன்.

சரி, இன்றைக்கு என்ன நிலைமை?

தடுப்புக் காவல் போய்விடவில்லை. 22-வது பிரிவு அப்படியே இருக்கிறது. 1980-ம் ஆண்டு தேசிய பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் குண்டர் சட்டம் என்று சொல்லும் 1982-ம் ஆண்டு சட்டமும் இதே வகைதான். மாவட்ட ஆட்சியரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போட்டால், ஒருவரை ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம்.

ஆனால் மாறியது ஒன்று உண்டு. காரணம் தெளிவாகச் சொன்னீர்களா, புரியும் மொழியில் ஆவணம் கொடுத்தீர்களா, முறையீட்டைத் தாமதம் இல்லாமல் பார்த்தீர்களா என்று கோர்ட் இன்றைக்குக் கேட்கிறது. இல்லையென்றால் உத்தரவை ரத்து செய்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் குண்டர் சட்டத்தை எதிர்த்து வரும் ஆட்கொணர்வு மனுக்கள் பலவற்றில் இந்தக் கேள்விகள்தான் எழுகின்றன.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால், மூன்று விஷயங்களை மறக்க வேண்டாம். காவலுக்கான காரணங்களை எழுத்தில் பெறும் உரிமை உண்டு. அரசிடமும் அறிவுரைக் கழகத்திடமும் முறையிடலாம். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

ஏ.கே.ஜி-யின் அரசியலை ஏற்பவர்கள் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. அவர் கட்சி அன்று எடுத்த பாதை தவறு என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அரசுக்குப் பிடிக்காத ஒருவருக்குக் கிடைக்கும் நியாயம்தான் நாளைக்கு நமக்கும் கிடைக்கும். ஜெயிலுக்குள் இருந்து ஒருவர் போட்ட மனு தோற்றுப்போனாலும், அந்தக் கேள்வி நீதிமன்றத்தின் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதற்குச் சரியான பதில் வர 28 வருஷம் ஆனது. கேட்டவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.